நாலாவது சில்லு

கொட்டாஞ்சேனைக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் நடுவில், துறைமுகப் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் பழைய கொப்பறாக் கிட்டங்கி ஒன்று நின்றது. அதன் பின்வளவில் தகரம் போட்டு இறக்கிய தாழ்வாரம்தான் சுடலைமுத்துவின் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. "சுடலை பாஸ் எங்க?" என்று கேட்டால் கூடையில் மீன் விற்றுப் போகிறவன்கூட வழி சொல்லுவான். புது ஜப்பான் வாகனங்கள் அங்கே வருவதில்லை. ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் என்று வெள்ளைக்காரன் காலத்துக் கிழட்டுக் கார்கள்தான் இருமிக்கொண்டு வந்து சேரும்.

சுடலைமுத்துவிடம் கையாள் எவனும் தங்கியதில்லை. அவன் வாய் அப்படி. தங்கியது ஆறாயி ஒருத்திதான். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் மாசமே அவளைக் காரில் ஏற்றி உட்கார வைத்தான். கொழும்பைச் சுற்றிக் காட்ட இல்லை, பிரேக் மிதிக்க.

பிரேக் வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. குழாயில் எண்ணெயோடு காற்றும் புகுந்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். சில்லு தன்பாட்டில் ஓடும். அந்தக் காற்றை எடுப்பதற்கு ஒருவர் மேலே இருந்து மிதிக்க வேண்டும், மற்றவர் கீழே படுத்து, சில்லுக்குப் பின்னாலிருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "அமத்து" என்பான். அமத்துவாள். "புடி" என்பான். பிடித்துக்கொண்டிருப்பாள். நிப்பிளைத் திறந்ததும் ஜாம் போத்தலுக்குள் எண்ணெயோடு கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். மூடிவிட்டு "விடு" என்பான். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி இந்த மூன்று சொல்தான் என்று அடுத்த வீட்டுக் கைருன்னிஸா கேலி பண்ணுவாள். மிதி போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதைச் சுடலைமுத்து ஆறாயியின் காலிடம்தான் கேட்பான். அவள் "கல்லாட்டம் நிக்குது" என்று சொன்னால் வேலை முடிந்தது.

அந்த வருசம் கொழும்புக் கோட்டையில் பெரிய குண்டு வெடித்து அதிக நாளாகியிருக்கவில்லை. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைத் தாலி மாதிரி உடம்போடு வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சுடலைமுத்துவிடம் அடையாள அட்டை இருந்தது, பதிவுத் துண்டு இல்லை. கராஜை ஒட்டி அவர்கள் குடியிருந்த அறையின் சொந்தக்காரன் எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டே இருந்தான்.

மாசி வெயில் தகரத்தில் விழுந்து தகதகத்த ஒரு பின்னேரம், சவுந்தரநாயகத்தாரின் மொறிஸ் மைனர் நாலு மரக்குற்றிகளின் மேல் சில்லு கழற்றி நின்றது. சவுந்தரநாயகத்தார் கப்பல் கொம்பனி ஒன்றில் தலைமைக் கிளாக்காக இருந்து ஓய்ந்தவர். கொட்டாஞ்சேனையில் சொந்த வீடு. ஞாயிறு பூசைக்கு வெள்ளைக் காற்சட்டை போட்டு டை கட்டுகிற மனிதர். எண்பத்து மூன்று ஆடியில், தெருத்தெருவாகக் கார்கள் எரிந்துகொண்டிருந்த நேரம், இந்த மொறிஸைக் கொப்பறாச் சாக்குகளுக்குள் புதைத்து மறைத்து வைத்தவன் சுடலைமுத்துதான். அதை அவர் போகிற இடமெல்லாம் சொல்லுவார். "சுடலை இல்லையெண்டால் இந்தக் கார் சாம்பல்" என்பார்.

அன்றைக்கு அவர் வளவிலேயே ஒரு பழைய கார்ச் சீற்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு அவதி.

"என்ன சுடலை, இண்டைக்குத் தருவியோ?"

"லைனிங் நாலு சில்லுக்கும் புதுசு தட்டியாச்சுங்கய்யா. ட்ரம்மக் கடைஞ்சாச்சு. சிலிண்டருக்கு ரப்பர் கெடைக்காம பஞ்சிகாவத்த முழுக்க அலைஞ்சேன், ஒரே ஒரு செட்டு ஒரு முஸ்லிம் காக்காகிட்ட இருந்துச்சு. இனி எயார் எடுக்கிறதுதான் பாக்கி."

"ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குக் கட்டாயம் வேணும்."

"கோயில் நடக்கிற தூரந்தானேங்கய்யா?" என்று காரின் அடியிலிருந்து சுடலைமுத்து சிரித்தான்.

சவுந்தரநாயகத்தார் சிரிக்கவில்லை. "பிரேக் திறமா இருக்கவேணும். நிப்பாட்டு எண்ட இடத்தில நிக்கவேணும். செக்பொயின்றில ஒரு அடி கூடப் போனாலும் சுட்டுப்போடுவாங்கள், தெரியும்தானே."

"நம்ம கையில வந்த காரு நிக்காம போயிருக்குங்களா? ஆறாயி, அமத்து."

ஆறாயி அமத்தினாள்.

"புடி."

பிடித்தாள். நிப்பிள் திறந்தது. அந்த நேரம் ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கிட்டங்கிக் கதவால் பொலிஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள்; பின்னால் துவக்கோடு ஆமிக்காரர் இரண்டு பேர். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் கால்களைப் பிடித்து, சாக்கை இழுப்பது போல இழுத்தார்கள். ஆறாயி மிதியில் வைத்த காலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. திறந்தபடி கிடந்த நிப்பிளால் எண்ணெய் மண்ணில் ஊற்றிக்கொண்டு போக, மிதி அவள் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கிப் போய்த் தரையைத் தொட்டது.

இன்ஸ்பெக்டர் வயது குறைந்தவன். மரியாதையாகத்தான் கேட்டான். அடையாள அட்டையைப் பார்த்தான். பதிவுத் துண்டு எங்கே என்றான். சுடலைமுத்து எண்ணெய்க் கையைக் கூப்பி, அரைகுறைச் சிங்களத்தில் அறைக்காரன் கதையைச் சொல்லி, பிறகு சவுந்தரநாயகத்தாரைக் காட்டினான். "மே மஹத்தயா மாவ தன்னவா." இந்த ஐயாவுக்கு என்னைத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினான். "மெயாவ அந்துனனவாத?"

இவனைத் தெரியுமா? கேள்வி அவ்வளவுதான்.

சவுந்தரநாயகத்தார் எழுந்து நின்றார். அவருடைய அட்டை, பதிவுத் துண்டு எல்லாம் கையில் தயாராக இருந்தன. "நே மஹத்தயா," என்றார். "மம வாகனய ஹதாகன்ட ஆவா விதரய். மெயா கவுத கியலா மம தன்னே நே." கார் திருத்த வந்தேன், அவ்வளவுதான், இவன் யாரென்று எனக்குத் தெரியாது.

சுத்தமான சிங்களம். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ஐயா," என்றான் சுடலைமுத்து. "ஐயா, சொல்லுங்கய்யா."

அவர் காரைப் பார்த்தார். அவனைக் கொண்டு போனார்கள்.

ஆறாயி இறங்கி வந்தபோது சவுந்தரநாயகத்தார் வளவில் இல்லை. அவர் குடித்து மிச்சம் வைத்த பிளேன்ரீக் கோப்பை மட்டும் சீற்றின் ஓரத்தில் இருந்தது.

அடுத்து வந்த நாட்கள் பொலிஸ் நிலைய வாசலில் கழிந்தன. காலையில் கைருன்னிஸா தன் வீட்டில் அவிக்கும் இடியப்பத்தில் கொஞ்சமும் தேங்காய்ச் சம்பலும் வாழையிலையில் சுற்றிக் கொடுப்பாள். ஆறாயி அதைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். முதல் நாள் அப்படி ஒருவனே இல்லை என்றார்கள். மறுநாள் இருக்கிறான் என்றார்கள். சாப்பாட்டை வாங்கினார்கள், அவன் கைக்குப் போனதா என்று சொல்லவில்லை. வெயிலில் நின்று நின்று அவளுக்குக் கண் இருட்டியது. கடைசியில் அந்த இன்ஸ்பெக்டரே வாசலுக்கு வந்து, அவளை அடையாளம் கண்டு நின்றான். கொழும்பில் சொந்த வீடுள்ள, வேலை கொடுத்துப் பழகிய ஒரு ஆள் வந்து இவனை எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் விடலாம், இல்லையென்றால் மேலே அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது டோரின் அம்மா வளவில் காத்திருந்தாள். சவுந்தரநாயகத்தாரின் மனைவி டோரினை ஆறாயி அப்படித்தான் கூப்பிடுவாள். மன்னாரில் பிறந்தவள், கனத்த உடம்பு, கழுத்தில் செபமாலை. வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டை ஆள் விட்டு அனுப்பாமல் தானே தூக்கிக்கொண்டு வருகிறவள். இப்போது சீனியும் தேயிலையும் கொண்டு வந்திருந்தாள். ஆறாயியைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஐயோ ஆறாயி, எனக்கு முந்தாநாள்தான் தெரியும். இவர் வந்து சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னவர். உங்கட ஆளுக்காக எவ்வளவு கதைச்சவராம். நல்ல மனிசன், நான் பொறுப்பெண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவராம். அந்தப் பொலிஸ்காரன் காது குடுக்கேல்லையாம்."

ஆறாயி சீனியையும் தேயிலையையும் வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அப்படிங்களாம்மா," என்றாள்.

"ஓம். அதில இருந்து ஆள் பேயறைஞ்ச மாதிரி."

வாய்க்கு வந்ததை ஆறாயி விழுங்கிக்கொண்டாள். டோரின் அம்மா மேல் இரக்கப்பட்டு இல்லை. கையிலிருக்கிறது, அவர் தெரியாது என்றார் என்ற அந்த ஒரு சொல்தான், அதைச் செலவழிக்க வேண்டிய இடம் இது இல்லை என்று பட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "ஐயாவ ஒருக்கா வரச் சொல்லுங்கம்மா. கார நான் முடிச்சுத் தாரேன்னு சொல்லுங்க," என்றாள்.

சவுந்தரநாயகத்தார் வெள்ளிக்கிழமை வந்தார். காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்து, அவர் ஒழுங்கையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையை மடக்கித் தாழ்வாரத்தில் நின்றார். வேறு இரண்டு மெக்கானிக் பாஸ்மாரைக் கேட்டுப் பார்த்தாராம். பொலிஸ் வந்து போன வளவுக்குள் கால் வைக்க மாட்டோம் என்றார்களாம். ஆறாயியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் செஞ்சு தாரேங்கய்யா. நீங்க ஏறி உக்காந்து மிதிங்க. நா சொல்றப்ப அமத்தணும், சொல்றப்ப விடணும்."

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மொறிஸ் காரில் பிரேக் எண்ணெய்த் தொட்டி சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கடியில் இருக்கும். விரிப்பைத் தூக்கி, தகட்டை எடுத்தால் தரையில் ஒரு ஓட்டை. ஆறாயி அதில் எண்ணெய் ஊற்றி நிரப்பிவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாக்கின் மேல் மல்லாந்து கீழே நுழைந்தாள். சுடலைமுத்து எந்தச் சில்லில் தொடங்கி எதில் முடிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். தூரத்துச் சில்லு முதலில், பக்கத்தில் இருப்பது கடைசியில்.

"அமத்துங்க."

அமத்தினார்.

"புடிங்க. விட்டுறாதீங்க."

கொப்புளம் வந்தது. மூடினாள்.

"விடுங்க."

தகரத்தில் மழை இரைந்தது. முதல் சில்லு முடிந்தது. இரண்டாவதற்கு அவள் நகர்ந்தபோது, தரை ஓட்டையால் அவருடைய கறுப்புச் சப்பாத்தும் கணுக்காலும் தெரிந்தன.

"அம்மா வந்தாங்க," என்றாள் கீழிருந்து. "நீங்க எங்க ஆளுக்காகப் பொலிஸ்காரங்க கையப் புடிச்சுக் கேட்டீங்களாமே."

சப்பாத்து அசையவில்லை.

"அமத்துங்க ஐயா."

அமத்தினார்.

"புடிங்க. ஏங்கய்யா அப்படிச் சொன்னீங்க? அவங்ககிட்டச் சொன்னதக் கேக்கல. அன்னைக்கு இங்க வச்சுச் சொன்னதக் கேக்குறேன்."

"விடட்டோ?"

"விடாதீங்க. நா சொல்லல இன்னும்."

அவர் மிதியை விடவில்லை. பிறகு அவர் பேசினார். குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்துப் பேசினார் போல. சொல்லெல்லாம் கீழே விழுந்தது.

"வீட்டில ஆள் நிக்குது ஆறாயி. டோரின்ர தம்பி, ஹியூபேட். மன்னாரிலயிருந்து ஆமிப் பாஸ் இல்லாமல் வந்தவன். பதிவும் இல்லை. அவன் இயக்கம் ஒண்டுக்கும் போகாதவன், கடலுக்குப் போறவன். ஆனால் காலில ஷெல் பட்ட காயத் தழும்பு கிடக்கு. தழும்பைக் கண்டால் விடுவாங்களோ, நீயே சொல்லு. உன்ர மனிசனைத் தெரியும் எண்டு நான் சொல்லியிருந்தால் என்ன செய்வாங்கள்? உங்கட வீடு எங்க, வாங்க போவம் எண்டிருப்பாங்கள்."

"விடுங்க," என்றாள். மூடினாள்.

"ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக்குக் கொண்டுபோறன். அங்க எங்கட ஆள், மாதா கோயில் சுவாமி ஒருத்தர் இருக்கிறார், வச்சிருப்பார். பழைய காரைக் கண்டால் செக்பொயின்றில ஆமிப் பெடியங்கள் சிரிச்சுக்கொண்டு விடுவாங்கள். கோயில் உடுப்போட குடும்பமாப் போனால் ஒருத்தரும் இறக்க மாட்டாங்கள். அதுக்குத்தான் கார். வேற ஒண்டுக்கும் இல்லை."

மூன்றாவது சில்லும் முடிந்தது. அவருடைய குரல் இப்போது தெளிந்து வந்தது, பாரம் இறக்கிய ஆளின் குரல்.

"ஆறாயி, கேளுங்கோ. திங்கட்கிழமை நான் வாறன். ஹியூபேட்டை விட்டுப்போட்டு வந்து, நானே பொலிசுக்கு வந்து சொல்லுறன். மாதாவாணை."

நீ என்று பேசியவர் நீங்கள் என்று மாறிவிட்டார். ஆறாயி அதைக் கவனித்தாள்.

"திங்கக்கெழம வரைக்கும் அவர வச்சிருப்பாங்களா ஐயா? மேல அனுப்பப் போறேன்னு சொல்லிட்டான்."

"ரெண்டு நாள்தானே."

"நீங்க நீர்கொழும்பு போனா வரமாட்டீங்க."

"என்ன கதை இது? நான் சொல்லுறன்தானே."

"அன்னைக்கும் சொன்னீங்க. நா மேல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவள் நாலாவது சில்லுப் பக்கம் போனாள். எயார் எடுக்கவில்லை. திருப்புளியால் ட்ரம்மின் இரண்டு ஆணிகளையும் கழற்றினாள். ட்ரம்மைத் தட்டி உருவினாள். ஸ்பிரிங்கை நெம்பிவிட, புது லைனிங் போட்ட பிரேக் சூ இரண்டும் கையோடு வந்தன. சிலிண்டரின் வாயில் இருந்த பிஸ்டனை இழுத்து, அதன் பின்னாலிருந்த ரப்பரை விரலால் தோண்டி எடுத்தாள். ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. எண்ணெய் அவள் முழங்கையால் வழிந்து சாக்கில் இறங்கியது.

"மிதி கீழ போகுது," என்றார் அவர் மேலிருந்து. "ஆறாயி, மிதி கீழ போகுதே!"

"போகுங்கய்யா."

அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள். ரப்பரைச் சேலை முந்தானையில் துடைத்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

"நாளைக்குக் காலைல என்னோட ஸ்டேசனுக்கு வாங்க. வந்து இவரத் தெரியும்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்த ஒடனே இதப் போட்டுக் காரத் தாரேன். ஞாயித்துக்கெழமைக்கு நேரம் இருக்கு."

"நீ என்னைக் கொல்லுறாய்."

"நா யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கய்யா. நீங்க வந்தா."

இந்தக் கடைசிச் சொல்லை அவள் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. வந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே விளங்கியது. சவுந்தரநாயகத்தாருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பாகிப் போயிற்று. கோட்டை எடுத்தார், குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கினார். அவள் திருப்பிக் கூப்பிடவில்லை.

கைருன்னிஸா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மாலையில் இடியப்பத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "புள்ள, ஒரு விசயம் செல்றன், கோவிக்கப்படாது. பொலிசுக்கு ரெண்டாம் தரம் வேற கத செல்ல ஏலாது. மொதல் சொன்னது பொய்யா, இப்ப செல்றது பொய்யான்னுதான் பாப்பாங்க. அந்த மனிசன் திங்கக்கெழம வரட்டுமே."

"ஒங்க புருசன் உள்ளுக்கு இருந்தா நீங்க திங்கக்கெழம வரைக்கும் இருப்பீங்களா?"

கைருன்னிஸா தட்டைத் துடைத்தாள். "இரிக்க மாட்டன்தான்," என்றாள்.

மறுநாள் அவர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, டை, மடிப்புக் கலையாத சட்டை. த்ரீவீலில் இருவரும் ஒரு சொல் பேசாமல் போனார்கள். பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் உட்கார வைத்து, பிறகு அவரை உள்ளே அழைத்தார்கள். அதே இன்ஸ்பெக்டர். கதவு திறந்திருந்ததால் ஆறாயிக்கு எல்லாம் கேட்டது.

சவுந்தரநாயகத்தார் நன்றாகத்தான் சொன்னார். சுடலைமுத்துவை இருபது வருசமாகத் தெரியும், தன் காரைக் கலவரத்தில் காப்பாற்றியவன், வேலையைத் தவிர வேறொன்று தெரியாதவன், தான் பொறுப்பு. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டான். எழுதி முடித்துவிட்டுப் பேனையை வைத்தான்.

"அன்றைக்குத் தெரியாது என்றீர்களே, மஹத்தயா?"

"பயத்தில் சொல்லிவிட்டேன்."

"என்ன பயம்?"

சவுந்தரநாயகத்தார் டை முடிச்சை இழுத்துச் சரிசெய்தார். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவே இல்லை. உங்களிடம் அட்டை இருக்கிறது, பதிவு இருக்கிறது, வீடு இருக்கிறது. குற்றமில்லாத ஆளைத் தெரியும் என்று சொல்ல உங்களுக்கு என்ன பயம் என்று திரும்பவும் கேட்டான். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றான். நானும் மனைவியும் என்றார் சவுந்தரநாயகத்தார். அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. ஆறாயிக்குக்கூட அது கேட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைப் போட்டான். ஜீப்பைக் கூப்பிட்டான்.

வெயில் உச்சிக்கு வரும்போது ஜீப் திரும்பி வந்தது. பின்னாலிருந்து சாரம் கட்டிய ஒருவனை இறக்கினார்கள். மெலிந்த, கறுத்த, நடுத்தர வயது ஆள். சட்டையில்லை. ஒரு காலை இழுத்து நடந்தான். கெண்டைக்காலில் தழும்பு, கயிறு திரித்த மாதிரி. இவன்தான் ஹியூபேட் என்று ஆறாயிக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் வாங்கில் இருந்தவளைக் கடந்து போகும்போது, யாரென்று தெரியாவிட்டாலும், ஒரு தமிழ்ப் பெண் என்று கண்டு லேசாகத் தலையாட்டினான்.

கொஞ்ச நேரத்தில் டோரின் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆறாயியைக் கண்டதும் அவள் மேலேயே விழுந்தாள்.

"நீங்களும் இங்கயோ ஆறாயி! பாத்தீங்களோ? உங்கட மனிசனுக்கு நல்லது செய்ய எண்டு இவர் விடிய வெளிக்கிட்டவர். போகாதேங்கோ எண்டு நான் மறிச்சனான். கேக்கேல்லை. இப்ப என்ர தம்பி..."

உள்ளேயிருந்து சவுந்தரநாயகத்தார் கதவு வழியே இந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். ஆறாயியும் அவரைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கலாம். இவள்தான் என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தாள் என்று சொல்லலாம். சொன்னால், ஏன் கட்டாயப்படுத்த வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் குனிந்துகொண்டார். ஆறாயி டோரின் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எண்ணெய்க் கறை போகாத கை.

அன்றைக்கு விடுவதாக இருந்த சுடலைமுத்துவை விடவில்லை; ஆளை ஒளித்து வைத்ததற்காகச் சவுந்தரநாயகத்தாரையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். விசாரணையில் நீர்கொழும்புப் பயணம் வெளிவர, பதிவில்லாத ஆளைக் கடத்துவதற்குக் கார் தயார் செய்து கொடுத்தவன் என்று இப்போது அவன் பேரில் வேறு எழுதியாயிற்று. அடுத்த வாரம் பொலிசார் லொறியோடு வந்து மொறிஸைக் குற்றிகளிலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள், சாட்சிப் பொருளாம். ஆறாயி தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றாள்.

சித்திரை கழிந்து, வைகாசி மழை தொடங்கும்போது சுடலைமுத்துவையும் சவுந்தரநாயகத்தாரையும் மறியல் வீட்டுச் சிறையில் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அப்பால் சுடலைமுத்து நின்றான். பாதி ஆளாகியிருந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அதை வலைக்குக் கீழே மறைத்துக்கொண்டு, உற்சாகமாகப் பேசினான்.

"ஐயாவப் பாத்தியா ஆறாயி? எனக்காக வந்து மாட்டிக்கிட்டாரு. அன்னைக்குப் பயந்துட்டாரு, சரி. பயம் யாருக்கு இல்ல? ஆனா மனசு கேக்காம தானா நடந்து வந்தாரு பாரு. அதுதான் மனுசன். நா எப்பவும் சொல்லுவேன்ல, அவரு நம்மளக் கைவிட மாட்டாருன்னு. எத்தன தடவ நன்றி சொல்லியிருப்பேன். ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு. பெரிய மனசுக்காரங்க அப்படித்தான்."

"ஆமாங்க," என்றாள் ஆறாயி.

"அம்மாவுக்கு நீ தொணையா இரு. அவங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் துணையாகத்தான் இருந்தாள். பார்வை நாட்களில் இருவரும் ஒன்றாகவே பஸ்ஸில் வந்து ஒன்றாகவே வரிசையில் நின்றார்கள். டோரின் அம்மா இரண்டு பார்சல் கொண்டு வருவாள். ஒன்று கணவனுக்கு, மற்றது தம்பிக்கு. கணவனின் பார்சல் உள்ளே போகும். தம்பியின் பெயரைச் சொன்னதும் ஜன்னலில் இருப்பவன் விரலால் ஒரு தாளைத் தேடுவான். "மெஹெ எஹெம கெனெக் நே," என்பான். இங்கே அப்படி ஒருவர் இல்லை. வேறு எங்கே என்று கேட்டால் தெரியாது. பொலிசில் கேட்டால், அனுப்பியாயிற்று. எங்கே அனுப்பினீர்கள் என்றால், கேட்ட ஆளையே மேலும் கீழும் பார்ப்பார்கள். டோரின் அம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள், சுவாமிமாரைப் பிடித்தாள், ஆட்களைத் தேடித் தருகிற வெள்ளைக்கார நிறுவனம் ஒன்றுக்குத் தம்பியின் பேரைக் கொடுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு பார்சல்தான் கட்டினாள். ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் அவன் இல்லை என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள்.

ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, மழைத் தூற்றலில் ஈரமான அந்த இரண்டாவது பார்சலை அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் மீன் பொரியலும் புளி விட்ட மீன் குழம்பும் சோறும். மன்னார்ப் பக்குவம். வாசனை ஈரத்தோடு வந்தது. பெயரைச் சொன்னாள். இல்லை என்றான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

டோரின் அம்மா ஆறாயி பக்கம் திரும்பினாள். "இதையும் உங்கட ஆளிட்டக் குடுங்கோ ஆறாயி. வீட்ட கொண்டு போனால் எனக்குத் தின்னேலாது. கொட்டவும் மனமில்லை."

"வேணாம்மா."

"என்ர கையாலதான் தாறன். வாங்குங்கோ. நீங்க வேற ஆளோ?"

ஆறாயி வாங்கினாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. ஜன்னலில் சுடலைமுத்துவின் பெயரைச் சொல்லி, தன் பார்சலோடு அதையும் சேர்த்து வைத்தாள். காவலன் இரண்டையும் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்தான்.

அடுத்த பார்வை நாளில் ஆறாயி சுடலைமுத்துவைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் டோரின் அம்மா கேட்டாள்: "மீன் எப்பிடியாம்? ஏதும் சொன்னவரோ?"

"நல்லா இருந்துச்சாம்மா. கொழம்ப வழிச்சுத் தின்னேன்னு சொன்னாரு."

டோரின் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வெகுநாளைக்குப் பிறகு சிரித்த மாதிரிக்கூட இருந்தது.

"ஹியூபேட்டும் அப்பிடித்தான், வழிச்சுத்தான் தின்னுவான்," என்றாள். "அப்ப அடுத்த முறை கொஞ்சம் கூட வைக்கிறன்."